மார்கழியில் பாங்காக்

அவிநாசிக்காரனுக்குத் தண்ணீர் என்றாலே ஏக்கம்தான். அத்திக்கடவுத் தண்ணி வரும், குளம் ரொம்பும் என்று பேசிப் பேசியே எங்கள் அப்பாக்களுக்குத் தலை நரைத்தது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையைக் கேட்டு வளர்ந்தோம். பிள்ளை உயிரோடு திரும்பியதைவிட, முதலை வாழும் அளவுக்குக் குளத்தில் தண்ணீர் கிடந்ததே எங்களுக்கு அதிசயம்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனதாலோ என்னவோ, பாங்காக்கில் முதலில் கண்ணை நிறைத்தது மாளிகையும் இல்லை, கடைவீதியும் இல்லை, தண்ணீர். ஊரின் நட்டநடுவில் வாய்க்கால், வாய்க்காலில் படகு, படகு நிறைய வேலைக்குப் போகிற ஜனம்.

2000-களின் தொடக்கம் அது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கிறிஸ்துமஸ் ஆர்டர் எல்லாம் கப்பல் ஏறிய பிறகு கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. "தனியாவா போற கண்ணு? அங்கெல்லாஞ் சோறு கெடைக்குமா?" என்று கேட்ட அம்மா, பதிலுக்குக் காத்திராமல் முதுகுப்பையில் பாதியைக் கச்சாயத்தாலும் பருப்புப்பொடியாலும் அடைத்துவிட்டார். மீதிப் பாதியில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பிலிம் சுருள் போட்ட கேமரா.

டான் முவாங் விமான நிலையத்துக்கு எதிரிலேயே ரயில் நிலையம். நெடுஞ்சாலைக்கு மேலே நடைபாலம் ஏறி இறங்கினால் போதும். மூன்றாம் வகுப்புக்குச் சில்லறைக் காசுதான். திறந்த ஜன்னலுக்கு எட்டும் தூரத்தில் தகரக் கூரைகள், கொடியில் காயும் துணிகள், வறுத்த பூண்டின் வாசம். ஊருக்குள் ஓரிடத்தில் ரயில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் லெவல் கிராஸிங்கில் கார்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ரயில் பொறுமையாகக் காத்திருக்கிறது! கேட் போட்டதும் சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து நுழைந்தே பழகிய எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்த ரயில் கொண்டுபோய் விட்ட இடம் ஹுவாலம்போங். 1916-ல் திறந்த நிலையம். வளைந்த பெரிய கூரை. மாலை 6 மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், மூட்டை தூக்கியவர்கள் எல்லோரும் அப்படியே அசையாமல் நின்றார்கள். கீதம் முடிந்த மறுகணம் பழையபடி இரைச்சல்.

சேன் சேப் வாய்க்காலில் படகு பிடிப்பது ஒரு வித்தை. கரையில் முட்டி நிற்கும் சில நொடிகளுக்குள் தாவி ஏற வேண்டும். தண்ணீர் தெறித்தால், ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்துவார். கண்டக்டர் உள்ளே வருவதே இல்லை. படகின் வெளி விளிம்பில் நடந்தபடி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிக்கெட் கிழிப்பார். பஸ் கண்டக்டரம்மாவின் கையிலோ நீள உலோகக் குழல். அதற்குள் டிக்கெட் சுருளும் காசும். மூடியைத் திறந்து திறந்து 'டக் டக்' என்று தட்டினால் டிக்கெட் எடுக்காதவன் தானாகக் கையை நீட்டுவான்.

மார்கழி என்பதால் பெரிய ஊஞ்சலைத் தேடிப் போனேன். 1784-ல் நிறுவிய ஊஞ்சல் அது. முன்பு மார்கழி விழாவன்று வாலிபர்கள் உந்தி ஆடி, உயரக் கம்பத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935-லேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சிவப்புத் தூண்கள் மட்டும் நின்றன. நடுவே பலகை இல்லை. பக்கத்துத் தேவஸ்தானத்தில் அரண்மனைப் பிராமணர்கள் அந்த விழாவுக்குத் திருவெம்பாவை ஓதும் மரபைத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் எழுதியிருக்கிறார். பொருள் தெரியாமல், உச்சரிப்புத் திரிந்து, வாய்வழியாகவே வந்த தமிழ். அவிநாசியப்பர் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையில் எங்களை எழுப்பிய அதே பாட்டு. அந்தத் தூண்களடியில் நின்றபோதுதான் ஊர் நினைப்பு வந்து தொண்டையை அடைத்தது.

நான் பார்த்த தூண்களும் இன்று இல்லை. 2007-ல் புதுத் தேக்கில் மாற்றிவிட்டார்கள். 2023 ஜனவரியில் தொலைதூர ரயில்களில் பெரும்பாலானவை ஹுவாலம்போங்கை விட்டுப் பாங் சூவின் புது நிலையத்துக்குப் போய்விட்டன. நடைபாதைச் சாப்பாட்டுக் கடைகளைப் பல தெருக்களில் துடைத்துவிட்டார்கள். இங்கே மட்டும் என்ன? கோவை அவிநாசி ரோட்டில் கோல்ட்வின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை மேம்பாலம் வந்துவிட்டது. அடியில் இருக்கும் ஊர்களைப் பார்க்காமலே போய்விடலாம். எஸ்.டி.டி. பூத் போயிற்று, பிலிம் சுருளும் போயிற்று. 2024-ல் அத்திக்கடவுத் தண்ணீரும் வந்தது, அதற்காக ஏங்கிய பலர் போன பிறகு.

எல்லா மாற்றமும் நட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஊரை எனக்குக் காட்டியவை நின்று நின்று போன ரயிலும், நனைத்த படகும், குழல் தட்டிய பஸ்ஸும்தான். சேன் சேப்பில் இன்னமும் படகு ஓடுகிறது. பாங்காக் போகும் பிள்ளைகளே, போனில் கார் கூப்பிடுமுன் ஒருமுறையாவது அதில் ஏறிவிடுங்கள்.