பூநாரையின் கால் வளையமும் ஒரு டெலிகன்வர்ட்டரும்

பாங்க்ல சேர்ந்த புதுசுல என் மேனேஜர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: செக்குல ஒரு எண் கலங்கியிருந்தா யூகிக்காதே, திருப்பிக் கொடு. இருபது வருஷம் கழிச்சு ஒரு பறவையோட காலைப் பார்த்து அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரும்னு யார் கண்டா?

செம்பூர்ல ஹார்பர் லைன் ரயில் ஏறினா குர்லா, வடாலா தாண்டி செவ்ரி. இறங்கி டாக்ஸி. (சயானுக்குத் தெற்கே ஆட்டோவைத் தேடாதீங்க, கிடைக்காது.) துருப்பிடிச்ச கப்பல், சேறு, எதிர்ல மாகுல் ரிஃபைனரி. 2024 ஜனவரியில திறந்த அடல் சேதுவும் இந்தப் பக்கத்துலேர்ந்துதான் கடலுக்குள்ள கிளம்புது. இவ்வளவு கலாட்டாவுக்கு நடுவுல குளிர்காலத்துலேர்ந்து மே வரைக்கும் ஆயிரக்கணக்குல பூநாரைங்க மேயும். நம்மூர் ஜனங்க பலருக்கு மாட்டுங்கா மார்க்கெட்டும் தாராவி தொண்ணூறு அடி ரோடும் தெரியும், இது தெரியாது. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க, டிக்கெட் கிடையாது.

ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்த படத்துல ஒரு பறவையோட கால்ல வளையம் இருந்தது. ஆராய்ச்சிக்காரங்க பறவையைப் பிடிச்சு, எழுத்து பொறிச்ச வளையம் மாட்டி விடுவாங்க. பார்த்தவங்க அதை எழுதி பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்கு அனுப்பினா, பறவை எங்கேர்ந்து எங்கே போகுதுன்னு கணக்கு கிடைக்கும். 1883லேர்ந்து இருக்கற சங்கம். நான் பெரிசு பண்ணிப் பார்த்தேன். மூணு எழுத்து தெரியுது. நாலாவது எட்டா, ஆங்கில 'பி'யா?

"எட்டுன்னு போட்டு அனுப்புடா"ன்னான் கூட வந்த நண்பன். மனசு வரல. அக்கவுண்ட் நம்பர்ல ஒரு எண் மாறினா பணம் வேற ஆளுக்குப் போகும். இங்கே ஒரு பறவை வேற பறவையா மாறிடும்.

சரி, லென்ஸ் பத்தலைன்னு முடிவு பண்ணினேன். என்கிட்ட இருக்கறது கேனான் 7டி மார்க் 2 கேமராவும் 100-400 இரண்டாம் பதிப்பு ஜூமும். கோட்டை ஏரியாவுல செகண்ட் ஹேண்ட்ல ஒரு 1.4எக்ஸ் டெலிகன்வர்ட்டர் வாங்கினேன். (விலையைக் கேக்காதீங்க, தங்கமணியும் இதைப் படிப்பாங்க.) நண்பன் தன்னோட 2எக்ஸையும் கடன் கொடுத்தான்.

தெரியாதவங்களுக்கு: லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டற சின்னக் கண்ணாடிக் குழாய் இது. 400, 1.4எக்ஸ் போட்டா 560 மி.மீ. ஆகும், 2எக்ஸ் போட்டா 800. இலவசம் இல்லை. 1.4 வெளிச்சத்துல பாதியைச் சாப்பிடும், 2 முக்கால்வாசியை. எஃப் 5.6ஆ இருந்தது எஃப் 8 ஆகும், இல்லை எஃப் 11. ஷட்டர் ஆயிரத்துல ஒண்ணுலேர்ந்து ஐநூறு, இருநூத்தம்பதுன்னு இறங்கும். ஆனா லென்ஸ் நீள நீள கை நடுக்கமும் பெரிசாத் தெரியும், அதுக்கு ஷட்டர் வேகமா வேணும். ரெண்டு பக்கமும் டெபிட்! ஸ்கூல் ஆண்டு விழாவுல பிள்ளை ஆடறதைப் பின் வரிசையிலேர்ந்து எடுக்க வாங்கலாம்னு நினைக்கறவங்க இந்தப் பாராவை இன்னொரு தடவை படிங்க.

மொட்டை மாடியில டெஸ்ட் வெச்சேன். எதிர் பில்டிங் தண்ணித் தொட்டியில தமிழ் தினசரி காலண்டரை ஒட்டிட்டு, இருபத்தஞ்சு மீட்டர்லேர்ந்து ட்ரைபாட், டைமர், ஸ்டெபிலைசர் ஆஃப். ராகு காலம் படிக்க முடியுதான்னு பார்க்கறதுதான் பரிட்சை. வாட்ச்மேன் ஏதோ பரிகாரம்னு நினைச்சுட்டார்.

வெறும் 400ல எடுத்து வெட்டிப் பெரிசு பண்ணினா ராகு காலம் தட்டுத் தடுமாறித் தெரிஞ்சது. 1.4எக்ஸ்ல கொஞ்சம் சோகை பிடிச்ச மாதிரி கான்ட்ராஸ்ட் குறைஞ்சது, ஆனா எழுத்து தெளிவு. எஃப் 11க்கு மூடினா இன்னும் நல்லா வந்தது. 2எக்ஸ்ல எழுத்து பெரிசு, விஷயம் கூடல. ஏன்னா கன்வர்ட்டர் படத்தை மட்டும் பெரிசு பண்ணாது, லென்ஸோட குறையையும் சேர்த்துப் பெரிசு பண்ணும். அதோட எஃப் 11ல என் கேமராவோட ஆட்டோஃபோகஸ் கைவிரிச்சுடும், எஃப் 8லயே நடுப்புள்ளி ஒண்ணுதான் வேலை செய்யும். (இப்ப மிரர்லெஸ்காரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.) வெட்டறதுக்கும் விலை உண்டு: 1.4 அளவுக்கு வெட்டினா 20 மெகாபிக்சல்ல 10 மிஞ்சும், 2 அளவுக்கு வெட்டினா 5தான்.

அதனால 1.4 ஜெயிச்சதுன்னு செவ்ரிக்குக் கிளம்பினேன். அப்போ அப்பா ஊர்லேர்ந்து வந்திருந்தார். கண் ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம். திருநெல்வேலி ஜில்லாவுல கூந்தன்குளம் பக்கத்துல போஸ்ட் மாஸ்டரா இருந்தவர். அந்தக் குளத்துக்கும் பூநாரை வரும். "பம்பாய்ல பூநாரையா? காட்டுல பாப்போம்"னு கூடவே கிளம்பிட்டார்.

காலை பதினொரு மணி. கடல் உள்வாங்கி, பறவைங்க எங்கேயோ ரோஸ் கலர் கோடாத் தெரிஞ்சது. 1.4எக்ஸ் போட்டு இருபது படம் எடுத்தேன். எல்லாம் குப்பை. வெயில்ல சேத்து மேல காத்து கொதிச்சு நெளியுது. கன்வர்ட்டர் அந்த நெளிவையும் பெரிசு பண்ணிக் கொடுத்தது. 2எக்ஸைப் பையிலேர்ந்தே எடுக்கல.

அப்பா கண்ணுக்கு மேல கையை வெச்சுப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலயேல."

எனக்குத் திக்குன்னு இருந்தது. அவர் கண்ணா, தூரமான்னு தெரியல. கேக்கவும் வாய் வரல.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார்: "அவசரப்படாதல. தண்ணி ஏறட்டும். மேய இடமில்லாம அதுவளே கரைக்கு வரும்."

டைட் அட்டவணை என் ஃபோன்லயே இருந்தது. நான் பார்க்கவே இல்லை! ரெண்டு மணி நேரம் கட்டிக் கொண்டுபோன புளியோதரை சாப்பிட்டுட்டு உக்காந்தோம். தண்ணி ஏற ஏற கோடு பட்டையாச்சு, பட்டை பறவையாச்சு. அப்பா எழுந்து நின்னு, "இது சின்ன சாதி, அலகு கறுப்பு. அந்தா நெட்டையா நிக்கது பெரிசு"ன்னார். நான் வாயே திறக்கல. கண் நல்லாத்தான் இருக்கு.

கன்வர்ட்டரைக் கழட்டிட்டேன். கூட்டத்துல ஒண்ணோட கால்ல வளையம்! ஃபோகஸ் பண்றதுக்குள்ள அந்தக் காலை மடிச்சு வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னுடுச்சு. பத்து நிமிஷம். அப்பா சிரிச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் மனசு இறங்கி காலை மாத்தினது. வெறும் 400, எஃப் 8, பதினாலு படம்.

ஸ்க்ரீன்ல பெரிசு பண்ணி எழுத்தைப் படிச்சேன். இது அதே பறவைதானான்னு சொல்ல முடியாது. ஆனா நாலும் தெளிவு. அப்பா ரிட்டர்ன் டிக்கெட்டோட முதுகுல எழுதினார். "மறுக்கப் படி"ன்னார். படிச்சேன். மணியார்டர் நம்பர் மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் டிக் போட்டுப் பையில வெச்சுக்கிட்டார்.

திரும்பும்போது வடாலாவுல டிக்கெட் செக்கர் ஏறினார். முன்னாலயும் பின்னாலயும் திருப்பிப் பார்த்துட்டு, ஒண்ணும் கேக்காம அப்பாகிட்டயே கொடுத்துட்டார்.