எரியாத விளக்கும் ஒரு ஆல்டர்னேட்டரும்

படிச்சது ட்ரிபிள் ஈ. பார்க்கிறது பொட்டி தட்டுற வேலை. நம்மில் பாதிப் பேர் கதை இதுதானே! காலேஜ் ஜெனரேட்டர் லேப்ல பார்த்த சமாச்சாரம் எதுவும் இந்த ஜென்மத்துல உதவப் போறதில்லைன்னு இருந்தேன். ஒரு பாய்மரப் படகு அந்த நினைப்பை மாத்திடுச்சு.

படகு, ஆபீஸ்ல எனக்கு சீனியரான கோயம்புத்தூர் அண்ணனோடது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுல பெர்க்லி மரீனாவுல நிக்குது. 30 அடி நீளம், என்னை விட வயசுல மூத்தது. பாய் இருந்தாலும் உள்ளே சின்னதா ஒரு டீசல் எஞ்சின் உண்டு. துறைக்குள்ள நுழையணும், காத்து விழுந்துட்டா கரை சேரணும் இல்லையா? அந்த எஞ்சினோட பெல்ட்ல சுத்துற ஆல்டர்னேட்டர்தான் பேட்டரிக்குச் சோறு போடுது.

பிரச்சினை என்னன்னா, சில நாள் சோறு போடும், சில நாள் போடாது. ஒரு சனிக்கிழமை ஏஞ்சல் ஐலண்ட் போயிட்டு இருட்டுல திரும்பும்போது ரேடியோ செத்துடுச்சு. பச்சை, சிவப்பு வழிவிளக்கு எல்லாம் மினுக்குன்னு ஆயிடுச்சு. ரிச்மண்ட் எண்ணெய்த்துறைக்கு டேங்கர் கப்பல் போற தடத்தைக் குறுக்கே கடந்துதான் வரணும். எஞ்சின் என்னவோ ஓடிச்சு. பழைய டீசலுக்கு ஸ்டார்ட் பண்ணத்தான் கரண்ட் வேணும், ஓடறதுக்கு வேண்டாம். ஆனா நாம அங்க இருக்கோம்னு கப்பல்காரனுக்குத் தெரியணுமே! அண்ணி டார்ச்சை எடுத்து பாய் மேல அடிச்சுக்கிட்டே வந்தாங்க. கரையில கால் வச்சதும் சொன்ன முதல் வார்த்தை, "இதை வித்துத் தொலைங்க".

மெக்கானிக் ஒருத்தர் பார்த்துட்டு ஆல்டர்னேட்டரை மாத்தணும்னாராம். ஏற்கெனவே ஒரு தடவை மாத்தினதுதான். "தம்பி, நீ ட்ரிபிள் ஈ தானே? ஒரு தடவை பார்த்துடு. ஆகலைன்னா வித்துடறேன்"னார் அண்ணன். குரல்ல சுரத்தே இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். கையில ஒரு மல்டிமீட்டர். முதல்ல பெல்ட். இறுக்கமா இருக்கு, கருப்புத் தூள் கொட்டலை. அடுத்து பேட்டரி. கரையில நல்லா சார்ஜ் ஏத்தி, ஓய்வுல வச்சுப் பார்த்தா 12.6 வோல்ட். பேட்டரி மேல தப்பில்லை. எஞ்சினை ஓட்டினா 14 வோல்ட் பக்கம் ஏறணும். ஏறலை, 12.4. ஆல்டர்னேட்டரோட வெளியேத்தும் முனையில வச்சாலும் அதே 12.4. அங்க ஜாஸ்தியாவும் பேட்டரியில கம்மியாவும் இருந்திருந்தா நடுவுல இருக்கிற கேபிளைச் சந்தேகப்படலாம். ரெண்டும் ஒண்ணுன்னா, உற்பத்தியே இல்லை.

"எஞ்சினை முறுக்கினா சில சமயம் வந்துடும் தம்பி"ன்னார் அண்ணன். முறுக்கினோம். சட்டுனு 14.2! மெதுவாக்கினாலும் அப்படியே நின்னுச்சு. அணைச்சுப் போட்டா மறுபடி 12.4.

எனக்கு லேப் வைவா ஞாபகம் வந்துடுச்சு. ரெசிடுவல் மேக்னடிசம்! ஆல்டர்னேட்டர் கரண்ட் தயாரிக்க, உள்ளே ரோட்டார் காந்தமாகணும். அதுக்கு முதல்ல வெளியிலேருந்து கொஞ்சம் கரண்ட் கடன் குடுக்கணும். இந்த மாதிரி படகுகள்ல அந்தக் கடன் சாவியைத் திருப்பினதும் பேனல்ல இருக்கிற சிவப்பு சார்ஜ் விளக்கு வழியாத்தான் போகுது. உற்பத்தி ஆரம்பிச்சதும் விளக்கோட ரெண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ், விளக்கு அணைஞ்சுடும். கடன் வரலைன்னா இரும்புல மிச்சமிருக்கிற காந்தத்தை வச்சு, வேகமா சுத்தினா மட்டும் தானா எழுந்துக்கும்.

"அண்ணே, சாவியைப் போட்டா அந்த சிவப்பு விளக்கு எரியுமா?"

"எரிஞ்சதே இல்லை தம்பி. அதனாலதான் எல்லாம் சரியா இருக்குன்னு..."

அவரே நிறுத்திட்டார் :-)

எஞ்சினை அணைச்சு, ஆல்டர்னேட்டருக்குப் போற சின்ன ஒயரைக் கழட்டி, சாவியை மட்டும் போட்டு, எஞ்சின் உடம்புல தொட்டோம். விளக்கு எரியணும். எரியலை. பல்பு நல்ல பல்பு. அப்போ ஒயர். பேனலுக்குப் பின்னாடி நோண்டினா, பழைய ஓனர் யாரோ சாதா கார் ஒயரைப் போட்டிருக்கார். உப்புக்காத்துல செம்பு பச்சைப் பொடியாகி கையில கொட்டுது. படகுக்கு ஈயம் பூசின செம்பு ஒயர்தான் போடணும். போட்டு, கிரிம்ப் பண்ணி, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் மாட்டினோம். செலவு ரெண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்குக் கூட ஆகலை.

யாராவது முயற்சி பண்றதா இருந்தா: எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஸ்விட்சை ஆஃப் பண்ணாதீங்க, ஆல்டர்னேட்டர் டயோடு போயிடும். பேட்டரி பக்கம் போகும் முன்னாடி மோதிரத்தைக் கழட்டுங்க. பல்புக்குப் பதிலா வெறும் எல்ஈடி போட்டா போதுமான கரண்ட் போகாது. கூடவே ஒரு ரெசிஸ்டர் பேரலல்ல வேணும்.

மறுநாள் அண்ணி படகுக்கு வந்தாங்க. சாவியைத் திருப்பினதும் பதறி, "இவ்வளவு நாள் எரியாத லைட் இப்ப எரியுதே, இன்னும் கெட்டுப்போச்சா?"ன்னாங்க.

"எரிஞ்சு அணைஞ்சாத்தான் அண்ணி நல்லது. எரியவே இல்லைன்னாதான் பயப்படணும்."

எஞ்சின் ஓடிச்சு, விளக்கு அணைஞ்சது, 14.2. விக்கிற பேச்சை அண்ணி எடுக்கலை.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையா, ரொம்ப நாளா சத்தமே போடாத ஒரு சர்வர் அலாரத்தை வேணும்னே கிளப்பிப் பார்த்தேன். நல்லவேளை, அடிச்சுது.