பெயரிலார் எழுதும் பெருநூல்

கலைக்களஞ்சியம் என்றதும் என் தலைமுறையினருக்கு நினைவில் எழுவது கண்ணாடி அலமாரிதான். குருமட நூலகத்தில் அந்த அலமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி நூலகப் பொறுப்பாளரான தந்தையிடம் இருக்கும். தடித்த தொகுதிகள், பொன்னெழுத்து முதுகுகள், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எழுதிய அறிஞரின் பெயரெழுத்துகள். இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் விக்கிப்பீடியா பிடித்துக்கொண்டுள்ளது. 2001 சனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியம் 2003 முதல் தமிழிலும் வளர்ந்து வருகிறது. ஆங்கிலத்தில் மட்டும் அதன் கட்டுரைகள் 2020-ஆம் ஆண்டிலேயே 60 இலட்சத்தைக் கடந்தன. அதற்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. எவரும் எழுதலாம்; எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம். எழுதியவருக்குக் கூலி கிடையாது. கட்டுரையின் அடியில் பெயரும் கிடையாது.

இதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்கு எங்கள் பங்கில் ஆர்கன் வாசிக்கும் பெரியவரே காரணம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். இரவு செபமாலை முடிந்தபின் இரண்டு மணி நேரம் கணினி முன் அமர்ந்து, மேலை நாட்டுச் செவ்விசையின் வரலாறு பற்றிய கட்டுரைகளைச் செப்பனிடுவது அவருடைய வழக்கம். யாருக்காக என்று ஒருமுறை கேட்டேன். "யார் படிக்கிறார்களோ அவர்களுக்காக, சாமி" என்றார். கட்டுரையைப் படிப்பதோடு நிறுத்தாமல் அதன் 'வரலாறு' என்ற பக்கத்தையும் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அவரே. எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தப் புனைபெயரினர் எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லைச் சேர்த்தார் என்பது ஒன்றுவிடாமல் அங்கே பதிவாகி இருக்கிறது. பூட்டிய அலமாரியின் நூல்களில் நான் ஒருநாளும் காணாத பக்கம் அது.

அல்லேக்ரியின் 'மிசரேரே' பற்றிய செய்திகளை அந்தப் பெரியவரோடு சேர்ந்து படித்தது எனக்குப் பெரும் பயனளித்தது. திருப்பாடல் 51-க்கு இசையமைத்த கிரகோரியோ அல்லேக்ரி ஒரு குரு, 1629 முதல் திருத்தந்தையின் பாடகர் குழுவில் பாடியவர், 1652-இல் இறந்தார். புனித வாரத்தில், மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படும் இருள் வழிபாட்டில், சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஐந்து குரல் கொண்ட ஒரு குழுவும் நான்கு குரல் கொண்ட மற்றொரு குழுவும் மாறி மாறிப் பாடி, இறுதியில் ஒன்பது குரல்களாக இணையும். எழுதப்பட்ட இசை மிக எளியது. அதன்மேல் பாடகர்கள் சேர்த்த அணிகளும் அசைவுகளும் ஏட்டில் இல்லை. வாய்வழியாகவே மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தார்கள். நம் கர்நாடக இசையை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கீர்த்தனையின் சுரக்குறிப்பை மட்டும் பார்த்துப் பாடினால் என்ன வரும் என்பது நமக்குத் தெரியும்.

1770-ஆம் ஆண்டுப் புனித வாரத்தில் 14 வயதுச் சிறுவன் மொசார்ட் இதைக் கேட்டுவிட்டு நினைவிலிருந்து எழுதினான் என்று அவன் தந்தை ரோமிலிருந்து வீட்டுக்கு மடல் எழுதினார். படியெடுப்போருக்குத் திருச்சபை விலக்குத் தண்டனை உண்டு என்றும் அவர் குறிப்பிட்டார். அப்படி ஒரு தடை உண்மையிலேயே இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகிறார்கள். ஆனால் கதை சுவையானது அல்லவா, எனவே பிழைத்துக்கொண்டது. அதே ஆண்டு சூலையில் திருத்தந்தை 14-ஆம் கிளமெந்து அச்சிறுவனுக்குப் பொற்தார் விருதை அளித்தார் என்பது உண்மை. அந்த விருதையும் 'மிசரேரே'யையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மன்னிப்பும் மாலையும் ஒருங்கே கிடைத்ததாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு. எங்கள் பெரியவரின் ஒரு பெரிய வேலை அந்த முடிச்சை அவிழ்ப்பது. "நான் அவிழ்ப்பேன், யாராவது வந்து முடிவார்கள், மறுபடி அவிழ்ப்பேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

இதைவிட வியப்பானது அந்த உச்ச சுரத்தின் கதை. 1963-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழு ஆங்கிலத்தில் பாடிய ஒலிப்பதிவை எங்கள் குருமடத்தில் ஒரு பேராசிரியர் ஒலிநாடாவில் வைத்திருந்தார். அதில் ஒரு சிறுவனின் குரல் தனியே வானுக்கு ஏறி, நம் நெஞ்சின் மூச்சை ஒரு கணம் நிறுத்திவிட்டு இறங்கும். மனமாற்றத்தின் குரல் இதுவே என்று அன்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த உச்ச சுரம் அல்லேக்ரி எழுதியது அன்று. 1771-இல் இங்கிலாந்தில் சார்லஸ் பர்னி வெளியிட்ட பதிப்பில் அது இல்லை. ரோமானியப் பாடகர்களின் அணிகளை 1840-இல் அச்சில் கொண்டுவந்தவர் அல்ஃபியேரி என்னும் குரு. அந்தப் பதிப்பிலும் இந்த வடிவம் இல்லை. மெண்டல்சோன் 1831-இல் ரோமில் கேட்டுக் குறித்துக்கொண்டபோது பாடகர்கள் சுருதியை உயர்த்தி, ஏறக்குறைய ஷட்ஜத்திலிருந்து மத்திமம் வரையிலான தொலைவு மேலே, பாடியிருந்தார்கள். 1880-இல் வெளிவந்த க்ரோவ் இசை அகராதித் தொகுதியில் ராக்ஸ்ட்ரோ என்பவர் எழுதிய கட்டுரையில், அந்த உயர்ந்த சுருதித் துண்டு எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. பிற்காலத்தில் அதைத் தாழ்ந்த சுருதியிலுள்ள பகுதியோடு ஒட்டிப் பதிப்பித்தார்கள்; 1951-இல் ஐவர் அட்கின்ஸ் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பின் வழியாக அது உலகெங்கும் பரவியது. ஒரு கலைக்களஞ்சியத்தின் எடுத்துக்காட்டே இசையாகிவிட்டது. அதை இன்று பொறுமையாகப் பிரித்துக் காட்டுவது மற்றொரு கலைக்களஞ்சியம்.

இறையியல் பயின்றவனுக்கு இது பழக்கமான நிலம். யோவானின் முதல் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில், தந்தை, வாக்கு, தூய ஆவி என மூவர் விண்ணகத்தில் சான்று பகர்வதாகக் கூறும் வரி ஒன்று பல நூற்றாண்டுகள் இலத்தீன் விவிலியத்தில் இருந்தது. மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளில் அது இல்லை; ஓரத்தில் எழுதப்பட்ட விளக்கம் நாளடைவில் பாடத்துக்குள் புகுந்துவிட்டது. 1979-இல் வெளிவந்த புதிய வுல்காத்தாவில் திருச்சபையே அதை விட்டுவிட்டது. அதனால் மூவொரு இறைவன் கோட்பாடு ஆட்டம் கண்டுவிடவில்லை. ஓரக்குறிப்பு ஓரத்துக்குத் திரும்பியது, அவ்வளவுதான். எனவே, அல்லேக்ரியின் பெயரில் வரும் அந்த உச்ச சுரத்தைக் கேட்பதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தவேண்டும் என்றும் கருதவில்லை. ஆனால் அது யாருடையது என்று கேட்கிறவரிடம், பல கைகளும் ஒரு தற்செயலும் சேர்ந்து உருவாக்கியது என்று சொல்லும் கடமை நமக்கு உண்டு.

இந்தத் தன்னார்வலர்கள் எல்லாரும் புனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கட்டுரைகளின் பின்னுள்ள உரையாடல் பக்கங்களைப் படித்தால் பங்குப்பேரவைக் கூட்டமே தேவலாம் என்று தோன்றும். இசையமைப்பாளர் பற்றிய கட்டுரையின் வலப்பக்க மூலையில், பிறப்பு, இறப்பு, தொழில் ஆகியவற்றைச் சுருக்கித் தரும் ஒரு பெட்டியை வைக்கலாமா கூடாதா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. அவர்களுடைய நடுவர் குழு 2013-இல் அந்த வழக்கை எடுத்தது; தீராமல் 2018-இல் மீண்டும் எடுத்தது. ஒரு பெட்டிக்கா என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு, எங்கள் பங்குத் திருவிழாவின் தேர்ச் சப்பரத்துக்கு எந்த நிறப் பட்டு என்று முடிவுசெய்ய எத்தனை கூட்டங்கள் கூடின என்பது நினைவுக்கு வந்தது.

ஆயினும் அச்சண்டைகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 'மிசரேரே' இயற்றப்பட்ட ஆண்டு 1638 என்று எழுதியிருந்ததைக் குறித்து எங்கள் பெரியவருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கும் மூன்று வாரம் வாதம் நடந்தது. பெரியவர் புரட்டிய நூல்கள் பலவும் 1638 என்றன. ஆனால் ஒன்றுகூட மூல ஆவணத்தைக் காட்டவில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் இருந்ததாம். இறுதியில் இருவரும் '1630-களில், பெரும்பாலும்' என்ற சொற்களில் உடன்பட்டார்கள். மூன்று வார உழைப்பின் பலன், ஒரு திட்டமான எண் போய் ஒரு தயக்கமான சொல் வந்ததே. உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்லாதிருக்கும் அந்த நேர்மை பிரசங்க மேடைக்கும் தேவை என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பெரியவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த ஞாயிறே சோதித்துப் பார்ப்பார்.

பெயரில்லாதவர்களை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2009 மார்ச்சில் திரையிசை அமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தபோது, டப்ளின் மாணவர் ஒருவர் அவர் சொன்னதாக ஒரு வாசகத்தைத் தாமே புனைந்து விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஆதாரமில்லை என்று தன்னார்வலர்கள் நீக்கினார்கள். மாணவர் மீண்டும் சேர்த்தார். அதற்குள் பெயர்பெற்ற நாளிதழ்கள் அதை எடுத்து இரங்கற் குறிப்புகளில் அச்சிட்டுவிட்டன. உண்மையை மாணவரே வெளியிடும்வரை அவை கவனிக்கவில்லை. பெயருள்ளவர்களும் விளையாடுவார்கள்: 1980-இல் 20 தொகுதிகளாக வந்த புதிய க்ரோவ் அகராதியில், டேனிய ஊர்ப்பெயர்களை ஒட்டி உருவாக்கிய 'எஸ்ரும்-ஹெல்லெருப்' என்ற இல்லாத இசைஞருக்கு ஒரு வாழ்க்கை வரலாறே இருந்தது, பின்னர் நீக்கினார்கள்.

கச்சீனியின் 'ஆவே மரியா'வை நம் கோவில்களிலும் திருமணங்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அந்த இத்தாலியர் அதை இயற்றவில்லை. லெனின்கிராடில் வாழ்ந்த விளாதிமிர் வாவிலோவ் என்ற இசைஞர் 1970-ஐ ஒட்டி அதை இயற்றி, பெயர் தெரியாத பழைய ஒருவருடையது என்று இசைத்தட்டில் வெளியிட்டார். 1973-இல் அவர் இறந்தபின் வேறு சிலர் அதற்குக் கச்சீனி பெயரைச் சூட்டினார்கள். சென்ற ஆண்டு ஒரு திருமண அழைப்பு நிரலில் பெரியவர் 'கச்சீனி' என்பதை அடித்து 'வாவிலோவ்' என்று எழுதினார். மணமகளின் தந்தைக்கு அது பிடிக்கவில்லை; பழைய இத்தாலியப் பெயர் இருந்தால்தான் அழகு என்றார். பெரியவர் விடவில்லை. "பாட்டைக் கேட்டு வாங்குகிறோம், பெயரை மட்டும் வேண்டாம் என்கிறோமே!" என்று என்னிடம் முறையிட்டார். நிரலில் வாவிலோவ் பெயரே அச்சானது. மணமகளின் தந்தை அன்று என்னோடு அதிகம் பேசவில்லை.

இதன்பின் ஒருநாள் நானே ஒரு வேண்டுகோளோடு பெரியவரிடம் போனேன். எங்கள் பங்கில் பெரிய வெள்ளியன்று முகாரியில் பாடப்படும் வியாகுலப் பாடல்கள் இரண்டு உண்டு. அவற்றை இயற்றியவர் முன்பு இங்கே பணியாற்றிய உபதேசியார் ஒருவர் என்று முதியோர் எல்லாரும் சொல்கிறார்கள். அவர் பெயரையும் சொல்கிறார்கள். தமிழ்க் கிறித்தவ இசை பற்றிய கட்டுரையில் அந்தப் பெயரை ஒரு வரியாவது சேர்க்கக் கூடாதா என்று கேட்டேன். பெரியவர் தலையை ஆட்டினார். "அச்சில் எங்காவது இருக்கிறதா, சாமி? நமக்குத் தெரியும் என்பது அங்கே ஆதாரம் ஆகாது."

எனக்குச் சினம் வந்தது. கேட்டுப் பாடி, பாடிக் கற்பித்து வந்த ஒரு மக்களின் நினைவுக்கு அச்சகத்தாரின் முத்திரை வேண்டுமா? அல்லேக்ரியின் அணிகளும் இருநூறு ஆண்டுகள் வாயில்தானே வாழ்ந்தன? அந்த விதி உலகின் எழுதா மரபுகளுக்கு இழைக்கும் அநீதியை நான் இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் அவ்விதி இல்லையென்றால் டப்ளின் மாணவரின் வாசகத்தை எந்த நியாயத்தால் நீக்குவது என்று பெரியவர் திருப்பிக் கேட்டபோது, என்னிடம் மறுமொழி இல்லை.

பேச்சைத் திருப்ப அவர் க்ரோவின் கதையைச் சொன்னார். முதல் இசை அகராதியைத் தொகுத்த ஜார்ஜ் க்ரோவ் தொழிலால் பொறியாளர். ஜமைக்காவிலும் பெர்முடாவிலும் இரும்புக் கலங்கரை விளக்கங்களை நிறுவியவர். இசை அவருக்குக் காதல். 1867-இல் ஆர்தர் சல்லிவனோடு வியன்னாவுக்குப் போய், காணாமற்போனதாகக் கருதப்பட்ட சூபெர்ட்டின் 'ரோசமுண்டே' இசைச் சுவடிகளை ஒரு வீட்டின் தூசி படிந்த அலமாரியில் கண்டெடுத்தார். இரவெல்லாம் உட்கார்ந்து படியெடுத்தார்கள். "நம் கோவிலிலும் அலமாரி இருக்கிறதே" என்றார் பெரியவர்.

சென்ற மாதம் இருவரும் பீடத்தின் பின்னறை அலமாரியை இறக்கினோம். கரையான் தின்ற திருப்பலி நூல்கள், பழைய கணக்குப் புத்தகங்கள், அணையா விளக்கின் உடைந்த கண்ணாடி. அடித்தட்டில், நூலால் தைத்த ஒரு சிறிய பாட்டுப் புத்தகம். பதினாறு பக்கம். வியாகுலப் பாடல்கள் இரண்டும் அதில் இருந்தன. மேலே 'முகாரி' என்று இராகமும் இருந்தது. அட்டையில் விலை இருந்தது, அச்சகத்தின் ஊர் இருந்தது. இயற்றியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'இறைவனின் அதிமிக மகிமைக்காக' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். பெரியவர் அந்தப் பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, உபதேசியார்களுக்கு ஊதியம் கொடுத்த கணக்குப் புத்தகங்களை ஆண்டுவாரியாக அடுக்கத் தொடங்கினார்.