ஆற்றுக்குப் போகாதே!



ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கு முன்பும் சபைகூடலில் நான் தவறாமல் கூறிவந்த வாக்கியம் ஒன்று உண்டு. "ஆற்றுக்கும் ஈயக்குட்டைக்கும் போகக் கூடாது." மாணவர்கள் ஒரே குரலில் "சரி ஐயா" என்பார்கள். என் கடமை அத்துடன் முடிந்துவிட்டதாக நானும் எண்ணியிருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, அவ்வாறு "சரி ஐயா" என்று கூறிய ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், மறுநாளே தூண்டிலோடு ஈயக்குட்டைக்குச் சென்றான். கரைமணல் சரிந்து நீரில் விழுந்தவன் மீளவில்லை. வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்பவன். அவன் மேசை அவ்வாண்டு முழுவதும் காலியாகவே இருந்தது.

பெஸ்தாரி ஜெயாவை நாம் இன்றும் பழக்கத்தில் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே அழைக்கிறோம். அவ்வட்டாரத்தில் ஈயக்கப்பல்கள் தோண்டிப் போட்ட குட்டைகள் ஏராளம். 1985இல் ஈய விலை சரிந்த பின்னர் அத்தொழில் நலிந்தது. குட்டைகள் மட்டும் எஞ்சின. மேலே பார்த்தால் அமைதியான நீர். கரையோ இறுகாத மணல். இரண்டடி வைத்ததும் ஆழம் திடீரென்று இறங்கிவிடும்.

அந்நிகழ்வுக்குப் பிறகு என் எச்சரிக்கையின் குரல் உயர்ந்ததே தவிர, வாக்கியம் மாறவில்லை.

அண்மையில் பதினொரு வயதான என் மகன் மீன்பிடிக்க வேண்டுமென்று அடம்பிடித்தான். அமெரிக்க ஆறுகளில் வழிகாட்டியோடு படகேறி, பெரிய கெளுத்திகளையும் வரியோடிய பாஸ் மீன்களையும் பிடிப்பதைக் காணொளியில் பார்த்திருக்கிறான். "நம் ஊரில் அப்படி இல்லையா அப்பா?" என்றான். உண்டு. சிலாங்கூர் ஆற்றில் படகோட்டியே வழிகாட்டியாக வந்து, பாவுங் எனும் ஆற்றுக் கெளுத்தியும் ஊடாங் காலா எனும் பெரிய ஆற்று இறாலும் கிடைக்கும் இடங்களுக்கு அழைத்துச் செல்வார். அரைமனத்தோடு இசைந்தேன்.

எங்கள் படகோட்டி ஒரு மலாய்ப் பெரியவர். 'பாக் சிக்' என்றே அழைத்தோம். நான் ஆசிரியர் என்றறிந்ததும் 'சிக்கு' என்று மரியாதையோடு பேசினார். படகில் ஏறுமுன் எங்கள் இருவருக்கும் மிதவை அங்கியை அணிவித்து, வார்களைத் தாமே இழுத்துச் சரிபார்த்தார். பின்னர் கேட்டார்:

"சிக்குவுக்கு நீந்தத் தெரியுமா?"

தெரியாது. இத்தனை ஆண்டுகள் நீரைப் பற்றி எச்சரித்தவனுக்கு நீந்தத் தெரியாது. மகன் முன்னிலையில் தலைகுனிந்து "இல்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கயிறு கட்டிய காலித் தோம்பு ஒன்றைக் காட்டினார். "யாராவது விழுந்தால் நீங்கள் குதிக்காதீர்கள். இதை எறியுங்கள். தம்பி, நீயும்தான்."

நீப்பா ஓலைகளுக்கும் பெரெம்பாங் மரங்களுக்கும் இடையே படகு சென்றது. இரவில் கம்போங் குவாந்தானின் மின்மினிகள் ஒளிரும் மரங்கள் இவைதாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரோட்டம் கடுமையாக இருக்கும் என்றும், ஓட்டம் தணிந்த நாள்களே இறாலுக்கு ஏற்றவை என்றும் பாக் சிக் விளக்கினார். அவ்விறால் ஆற்றில் வளர்ந்தாலும், அதன் குஞ்சுகள் பிழைக்கக் கழிமுகத்தின் உவர்நீர் வேண்டும். அறிவியல் பாடத்தில் நான் கற்பிக்காத செய்தி அது.

தூண்டில் வளைந்தது. மகன் இழுத்த பாவுங் படகின் தளத்தில் துள்ளியது. அவன் கைநீட்டிய நொடியில் பாக் சிக் அவன் மணிக்கட்டைப் பற்றினார். முதுகில் ஒரு முள், செவுளின் பின்னே பக்கத்துக்கு ஒன்று. மூன்றையும் காட்டிய பின்னர், முட்களுக்குப் பின்புறம் விரல்களைக் கொடுத்துப் பிடிக்கும் முறையைக் கற்பித்தார். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். காயம் ஆழமானால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றார். அடுத்த மீனை என் மகனே பிடித்தான். முள் குத்தவில்லை.

திரும்பும்போது என் மனத்தில் ஒரே எண்ணம். அவரும் பல முறை 'கூடாது' என்றார். ஆனால் ஒவ்வொரு 'கூடாது'க்கும் பின்னால் ஒரு காரணமும், செய்யத்தக்க ஒரு செயலும் இருந்தன. என் மாணவனுக்கு நான் கொடுத்தது வெறும் 'கூடாது'. மணற்கரை ஏன் சரியும், விழுந்தவனுக்கு எதை எறிய வேண்டும் என்று நான் ஒருநாளும் கூறியதில்லை. கூறியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? அறியேன். கூறவில்லை என்பது மட்டும் உண்மை.

நம் பிள்ளைகள் தினமும் குடிப்பதும் இந்த ஆற்று நீரையே. 2020 செப்டம்பரில் இவ்வாற்றில் மாசு கலந்து, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டபோது சிலாங்கூரும் கோலாலம்பூரும் தவித்தன. குழாயில் வரும்வரை ஆற்றை ஏற்றுக்கொள்ளும் நாம், அதைப் பற்றி அச்சத்தைத் தவிர வேறெதையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில்லை.

அடுத்த விடுமுறைக்கு முந்திய சபைகூடலில், கயிறும் மூடியிட்ட காலிப் புட்டியும் கொண்டு சென்று இருபது நிமிடம் பேசினேன். மாணவர்கள் மாறி மாறி எறிந்து பழகினர். "இப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஆசை வந்துவிடாதா, ஐயா?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆசை முன்பே இருக்கிறது அம்மா, அறிவுதான் இல்லை என்றேன். ஈயக்குட்டைக்குப் போகக் கூடாது என்பதில் எந்த மாற்றமும் இல்லை. அதையும் அன்று காரணத்தோடு கூறினேன்.

பெற்றோர்களே, பிள்ளை தூண்டில் கேட்டால் 'வேண்டாம்' என்று மட்டும் கூறி அனுப்பாதீர்கள். மிதவை அங்கி அணிவித்து, விவரம் அறிந்தவரோடு நீங்களும் உடன் செல்லுங்கள். வாய்ப்பிருந்தால் நீச்சல் கற்பியுங்கள்.

நானும் மகனோடு நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அவன் குளத்தின் அக்கரையைத் தொட்டுவிட்டான். நான் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறேன்.