ஏட்டில் ஏறாத தண்ணீர்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். தமிழ்நாட்டு மலையிலேயே தோன்றித் தமிழ்நாட்டுக் கடலிலேயே முடிகிற வற்றாத ஆறு என்ற பெருமை அதற்கு உண்டு. அந்த ஆற்றைப் பற்றி அரசு ஏடுகளில் நிறைய எண்கள் இருக்கின்றன. பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, எட்டு அணைக்கட்டுகள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம். அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் இவை ஆற்றிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு எடுத்தோம் என்பதை மட்டுமே சொல்கின்றன. கரையில் இருக்கும் மக்கள் இந்த ஆற்றால் தங்களுக்கு என்ன நன்மை என்று கருதுகிறார்கள் என்பதை மலையிலிருந்து கழிமுகம் வரை வரிசையாகப் பார்த்தால், அதில் பெரும்பகுதி தண்ணீர் ஆற்றிலேயே ஓடுவதால் கிடைப்பது. எடுக்கும் தண்ணீருக்கு ஏடு இருக்கிறது; ஓடும் தண்ணீருக்கு இல்லை. ஆற்றின் மதிப்பை நாம் குறைத்துப் போடுவது இதனால்தான் என்பது என் வாதம்.

தொடக்கம், மலைப் பழங்குடிகளான காணிக்காரர்களின் காட்டில். அவர்களுடைய குடியிருப்புகளான இஞ்சிக்குழியும் மயிலாறும் இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன; 1988-இல் அது காப்பகமானது. வெளியாருக்கு அது மரமும் விலங்கும் நிறைந்த காடு. காணி மக்களுக்கோ தேன், கிழங்கு, மருந்து, தெய்வம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் வீடு. அவர்களுடைய அறிவுக்கு வெளியுலகம் ஒருமுறை விலை வைத்துப் பார்த்ததும் உண்டு. 1987-இல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் ஆய்வுக்குப் போனவர்கள், வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பின்னர் ‘ஜீவனி’ மருந்து வந்தது. கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செடி மர நிழலில் வளர்வது. காடு நின்றால்தான் செடி, செடி நின்றால்தான் அந்த அறிவு. ஆற்றுக்கும் அதே கதைதான். காடு இரண்டு பருவமழையையும் வாங்கி, சோலைக்காட்டு மண்ணில் தேக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவதால்தான் சித்திரை வெயிலிலும் பாபநாசத்தில் தண்ணீர் இருக்கிறது.

மலையிறங்கியதும் ஒரு மறுப்பு வரும். ஆற்றிலிருந்து அதிகம் எடுப்பவர்களே கரை விவசாயிகள்தானே, கார் பருவ நெல்லுக்கும் பிசானப் பருவ நெல்லுக்கும் வாய்க்கால் வெட்டிக்கொண்டு போவது எடுப்பதில்லையா என்று கேட்பார்கள். எடுப்பதுதான். ஆனால் இங்கே எடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய் என எந்த வாய்க்காலை எடுத்துக்கொண்டாலும் தண்ணீர் வயலோடு முடிவதில்லை. குளத்தில் நிறைந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த குளத்துக்குப் போய், கிணறுகளில் ஊறி, வடிகாலில் ஒரு பங்கு மறுபடியும் ஆற்றுக்கே வருகிறது. எட்டு அணைக்கட்டுகளில் ஏழு, ஆங்கிலேயர் காலத்துக்கு முந்தியவை. அவற்றைக் கட்டியவர்கள் ஆற்றை அடைக்கவில்லை. தாழ்ந்த கல்கட்டு போட்டு ஒரு பங்கைத் திருப்பிவிட்டு, மிச்சத்தைக் கட்டின் மேலாகவே வழியவிட்டார்கள். கீழூருக்கும் ஆறு வேண்டும் என்ற நினைப்பு அந்தக் கல்லிலேயே இருக்கிறது.

ஆற்றைவிட்டு எடுக்காமலே பயன் தரும் தண்ணீருக்கு எடுத்துக்காட்டாக, பத்தமடை ஊரின் கோரைப்பாயைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, வேகவைத்து, கட்டுக்கட்டாக ஆற்றில் ஊறப்போடுவார்கள். ஓடும் தண்ணீரில் ஊற வேண்டும் என்பது தொழிலின் விதி. நாள்கணக்கில் ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, மயிரிழைபோல் மெல்லியதாகக் கிழித்துச் சாயம் ஏற்றி, பருத்திநூல் பாவில் ஊடையாகக் கொடுத்து நெய்கிறார்கள். பெரும்பாலும் முஸ்லிம் பெண்களின் கைவேலை இது. சுருட்டினால் கைக்குள் அடங்கும் பட்டுப்பாய் அப்படித்தான் பிறக்கிறது. இந்தத் தொழிலில் ஆறு செய்யும் வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஒரு குடம் தண்ணீர்கூட ஆற்றைவிட்டு வெளியே போவதுமில்லை. ஆகவே எந்தப் பேரேட்டிலும் அது ஏறாது. ஆனால் ஓட்டம் நின்றுபோனால் என்ன போகும் என்று நெய்கிறவர்களுக்குத் தெரியும்.

நெல்லையில் அல்வாவின் ருசிக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். அதை நிரூபிப்பது என் வேலையல்ல; ஓர் ஊர் தன் பெருமையை ஆற்றோடு சேர்த்தே சொல்கிறது என்பதே இங்கு முக்கியம். அதைவிட உறுதியான சான்று மணல். ஆற்றுப் படுகையில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் விருதுநகர் பக்கத்து ஊர்களுக்கும் குடிநீர் போகிறது. தண்ணீரை வடிகட்டித் தருவதும் வெயிலிலிருந்து காப்பதும் அந்த மணல். லாரியில் ஏற்றினால் மணலுக்கு விலை உண்டு. படுகையில் கிடந்தால் விலை இல்லை. இந்தக் கணக்கை ஏற்க மறுத்துத்தான் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு, முதிய வயதில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடினார். 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை கிடைத்தது. பிறகு இன்னொரு வழக்கு. கங்கைகொண்டானில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்கு ஆற்று நீர் கொடுப்பதை எதிர்த்து மக்கள் போனார்கள். உபரி நீர்தான் தருகிறோம் என்றது அரசு. 2017-இல் வழக்கு தள்ளுபடியானது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ‘உபரி’ என்ற சொல்லுக்குள், எடுக்காமல் விட்ட தண்ணீர் யாருக்கும் பயனில்லை என்ற முடிவு முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது.

மிகக் கடுமையான மறுப்பு வேறு. மக்கள் அவ்வளவு மதிப்பவர்கள் என்றால், பாபநாசப் படித்துறையில் பரிகாரம் என்று அவிழ்த்துவிடும் துணி ஏன் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது, நெல்லையின் சாக்கடை ஏன் ஆற்றில் விழுகிறது? மழுப்ப முடியாத கேள்வி. துணியை விடுகிறவர்களில் வெளியூர் யாத்ரீகர்கள் நிறைய என்று சொல்லித் தப்பிக்கலாம்; சாக்கடையோ உள்ளூர்க்காரர்களுடையது. ஆனால் நெல்லை எப்போது இப்படி ஆனது என்று யோசித்தால், குழாய் வீட்டுக்குள் வந்து, ஆறு தெருவின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போன பிறகே என்று எனக்குத் தோன்றுகிறது. குளிக்கவும் துவைக்கவும் ஆற்றுக்கு வருகிறவர் தண்ணீரின் நிறம் மாறிய அன்றே சண்டைக்கு நிற்பார். குழாயில் பிடிப்பவருக்கு ஆறு என்பது ஒரு மோட்டார் அறை. மதிப்பு புழக்கத்தில் ஊறுவது. புழக்கம் அறுந்த இடத்தில் அது வற்றுகிறது. அதற்கு மருந்து, பாதாளச் சாக்கடையை முழுமையாக முடிப்பதும் படித்துறைகளை மறுபடி இறங்கக்கூடியவையாக ஆக்குவதும்.

கடைசி அணைக்கட்டு 1873-இல் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம். வடகாலும் தென்காலும் அங்கே பிரிகின்றன. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் தண்ணீர் எடுக்க அமைத்த திட்டமும் அங்கேதான். அந்த அணைக்கட்டுக்குக் கீழே போவதைக் ‘கடலில் வீணாகக் கலக்கிறது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி ஆறு ஊர்களுக்குள் புகுந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. வெள்ள நீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோவது நியாயமே. அந்த ஊர்க்காரர்களின் தாகம் உண்மையானது. ஆனால் கோடையில் வரும் சிறு ஓட்டத்தையும் அதே சொல்லால் அளக்கக் கூடாது. ஆத்தூர்க் கொடிக்கால்களில் வெற்றிலை விளைவது ஆற்றின் ஈரத்தால். நன்னீர் குறைந்தால் கடலோர நிலத்தடியில் உப்பு ஏறும். புன்னைக்காயலில் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன, அலையாத்தி வேர் பிடிக்கிறது. அங்குள்ள மீனவருக்குக் கடலில் சேரும் தண்ணீர் வீணல்ல, விதை.

அணைகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடும் அதிகாரிகள், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிப் புன்னைக்காயலுக்கு இன்று எவ்வளவு தண்ணீர் போனது என்பதையும் அதே பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். கோடையில் அந்த வரி பூஜ்யம் ஆகாமல் பார்த்துக்கொள்வதையும் தங்கள் கடமையாக எழுதிவைக்க வேண்டும்.