மலை அங்கேயேதான் இருக்கிறது

மலேசியாவின் செலாயாங்கில் ஓவியம் பழகும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "என்ன வரையறதுன்னே தெரியலை, தாத்தா." கைப்பேசியில் பிறர் வரைந்ததைப் பார்த்துப் பார்த்தே கண் களைத்துப் போயிருக்கும். கடைப்பலகை எழுதியே பிழைத்தவன் நான். எனக்குத் தெரிந்த வழி, பக்கத்தில் இருப்பதை மறுபடியும் போய்ப் பார்ப்பதுதான். நமக்குப் பத்துமலை இருக்கிறதே!

ஏறக்குறைய நாற்பது கோடி ஆண்டுச் சுண்ணாம்புப் பாறை அது. மழை பெய்தால் கறுத்துவிடும். பெயர்ந்து விழுந்த இடம் மட்டும் காவியாகத் தெரியும். 2006-இல் எழுந்த முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம், மேலெல்லாம் பொன் வண்ணம். மேகம் மூடும்போது பாருங்கள், அந்தப் பொன் மண்நிறத்துக்கு இறங்கிவிடும். பொன்னை வரையப் பொன் சாயமே வேண்டியதில்லை என்று அங்கேதான் புரியும்.

2018-இல் மலைக் குகைக்கு ஏறும் 272 படிகளுக்கும் பல நிறம் பூசியபோது ஊரே விவாதித்தது. பழமை போய்விட்டது என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆனால் ஓவியனுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். உச்சி வெயிலில் ஓரமாக உட்காருங்கள். மஞ்சள் படியில் ஏறுபவரின் வெள்ளை வேட்டியில், கணுக்காலுக்கு மேலே மெல்லிய மஞ்சள் படிந்திருக்கும். நீலப் படிக்கு வந்ததும் நிழலே நீலம் வாங்கிக்கொள்ளும். படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

நின்று பார்ப்பதன் பலனுக்கு ஓவியர் சையது தாஜுதீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-இல் இராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர். அஜந்தா ஓவியங்களில் ஊறிய கண் அவருடையது. இராமாயணத்தைப் பெரிய திரைகளில் தீட்டினார். பிறகு மலேசியாவில் அவர் வரைந்த பெண்களின் நீண்ட கண்களிலும் வளைந்த விரல்களிலும் அந்த அஜந்தா தெரிகிறது. இளமையில் ஆழ்ந்து பார்த்தது பல வருடம் உள்ளேயே கிடந்து, வேறொரு மண்ணின் முகத்தில் வெளிவந்திருக்கிறது. அவசரப்பட்டால் இது நடக்குமா?

மலை அலுத்தால் விடியுமுன் செலாயாங் பசார் போரோங் மொத்தச் சந்தைக்குப் போங்கள். விளக்கு வெளிச்சத்தில் கத்தரிக்காய்க் குவியல் ஊதாவாகவே இருக்காது. கறுப்பில் ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான். அந்தக் கீற்றை முதலில் வரையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: விலை குறைந்த தாளையே நிறைய வாங்கிக் கொடுங்கள். உயர்ந்த தாளைக் கண்டால் பிள்ளையின் கை தயங்கும். மலிவுத் தாளில் ஒரே படியை அலுக்காமல் திரும்பத் திரும்ப வரைவான்.