கையிருப்பும் உறவும்: பிரையன் மேயின் சிவப்புக் கிட்டார்

உடைமையைச் சொல்ல ஆங்கிலத்தின் 'ஹேவ்' போன்ற தனி வினைச்சொல் தமிழில் இல்லை. 'இரு' என்னும் வினையே அந்தப் பணியையும் செய்கிறது. வேறுபாட்டை உருபு காட்டுகிறது. 'அவரிடம் நூறு ரூபாய் இருக்கிறது' என்பது ஒரு வகை. 'அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்' என்பது இன்னொரு வகை. முன்னது கைமாறக்கூடியது, இன்று இருக்கும், நாளை செலவாகும். பின்னது அப்படிக் கைமாறாது. உருபை மாற்றி 'அவரிடம் ஒரு மகள் இருக்கிறாள்' என்று சொல்லிப் பார்த்தால், மற்றப் பிள்ளைகள் வேறெங்கோ வளர்கிறார்கள் போலும் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

ஓர் இசைக்கருவியை இவற்றுள் எந்த வகையில் சேர்ப்பது? கடையில் விலைகொடுத்து வாங்கிய மின் கிட்டாரைப் பற்றி ஐயமில்லை. அது 'அவரிடம்' இருக்கிறது. பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். அளவு சொல்லி, மரம் தேர்ந்து, கழுத்தின் பருமன் முதல் ஒலியேற்பிகளின் எண்ணிக்கை வரை தனக்கென்றே செய்யவைத்த கிட்டாரின் நிலை அவ்வளவு தெளிவானதன்று. அத்தகைய கருவியை முதன்முதலில் கையில் ஏந்துபவர் அந்தக் கருவியை மட்டும் சோதிப்பதில்லை. தன் தேவை இன்னதென்று தான் முன்பு கணித்தது சரிதானா என்பதையும் சேர்த்தே சோதிக்கிறார். கடைக் கிட்டாரில் குறை கண்டால் செய்தவரைக் குறைகூறலாம். சொல்லிச் செய்த கிட்டாரில் குறை கண்டால், பாதிக் குறை சொன்னவருடையது. சொன்னவரும் செய்தவரும் ஒருவரே என்றால், முழுக் குறையும் அவருடையதுதான்.

அப்படி ஒரு கருவி உலகறிந்த ஒன்றாக உள்ளது. குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, தம் தந்தை ஹாரல்டுடன் சேர்ந்து வீட்டிலேயே செய்த 'ரெட் ஸ்பெஷல்' அது. 1963 ஆகஸ்டில், பிரையனுக்கு 16 வயதாக இருந்தபோது வேலை தொடங்கியது. மேற்கு லண்டனின் ஃபெல்த்தம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் கூடுதல் படுக்கையறை ஒன்று பட்டறையானது. ஃபெண்டர், கிப்ஸன் கிட்டார்கள் அந்தக் குடும்பத்தின் வருவாய்க்கு எட்டாதவை. ஆனால் ஹாரல்டு மின்னணுவியலில் தேர்ந்தவர், வரைவாளராகப் பணிபுரிந்தவர், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே தம் கையால் அமைத்தவர். வாங்க முடியாததைச் செய்துகொள்வது அந்த வீட்டில் புதிய வழக்கமன்று.

பொருள்கள் வந்த இடங்களைக் கவனிக்க வேண்டும். கழுத்து, நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய கணப்படுப்பொன்றின் மேற்சட்டத்திலிருந்து கிடைத்த மஹோகனி மரம். அதில் புழு அரித்த துளைகள் இருந்தன; அவற்றைத் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதி ஒரு பழைய மேசையின் ஓக் மரம். சுற்றுப்பகுதி சாதாரணப் பலகை. மேலே மஹோகனியின் மெல்லிய தகடு. கருவிக்குப் பெயர் தந்த செந்நிறம் அந்தத் தகட்டினுடையது. விளிம்பைச் சுற்றி ஓடும் வெண்பட்டை, அலமாரித் தட்டுகளின் ஓரத்தில் ஒட்டும் நெகிழிப் பட்டை. விரற்பலகையில் இடங்காட்டும் வெண்புள்ளிகள், தாயின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மொத்தச் செலவு 8 பவுண்டு அளவில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

இவ்வளவும் ஏழைமையின் சிக்கனக் கதையாகப் படிக்கப்படுவதுண்டு. அந்த வாசிப்பு போதாது. கிடைத்த பொருளைக் கொண்டு கடைக் கிட்டாரின் நகலைச் செய்வது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. கடைக் கிட்டார்களில் அன்று இல்லாதவற்றைச் செய்யவே முனைந்தார்கள். வீணையில் மெட்டு என்று சொல்லப்படுகிற ஃப்ரெட்டுகள் அக்கால மின் கிட்டார்களில் பெரும்பாலும் 21 அல்லது 22 இருந்தன, இதில் 24. ஒவ்வொரு தந்தியிலும் இரண்டு முழு ஸ்தாயிகள் கிடைக்கும். உடலுக்குள் வேண்டுமென்றே வெற்றிடங்கள் விடப்பட்டன. ஒலிபெருக்கியின் ஓசை திரும்ப வந்து மரத்தை அதிரவைக்க, அந்த அதிர்வு தந்தியை மீண்டும் இயக்க, சுரம் தேயாமல் நீண்டு நிற்க வேண்டும் என்பது திட்டம். மற்றவர்கள் தொல்லையாக எண்ணித் தவிர்க்கப் பார்த்த எதிரொலிப்பை, வடிவமைப்பின் நோக்கங்களுள் ஒன்றாகவே வைத்துக்கொண்ட கருவி இது.

தந்தையும் மகனும் மிகுதியாக உழைத்தது அதிர்வுக் கோலின் அமைப்பில்தான். கோலை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுரம் தாழும். விட்டால் பழைய சுரத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்புதலில்தான் சிக்கல். தந்தி தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் உராய்வு உண்டு, உராய்வு இருந்தால் தந்தி முழுமையாகத் திரும்பாது, சுருதி விலகும். இவர்களின் தீர்வு மூன்று பகுதிகள் கொண்டது. கோலின் அடித்தகடு, தராசின் முள்ளைப் போலக் கத்திமுனை ஒன்றின்மேல் அமர்ந்து அசைகிறது. குதிரையில் ஒவ்வொரு தந்தியும் தனி உருளையொன்றின்மேல் ஓடுகிறது. கழுத்தின் மறுமுனையில் 'சுழி' ஃப்ரெட் தந்தியைத் தாங்குவதால் அங்கும் உராய்வு குறைகிறது. மெல்லிய தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 30 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். அந்த இழுவைக்கு எதிர்நின்று சமன் செய்பவை, 1928ஆம் ஆண்டு பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்வில்கள் இரண்டு. கையால் அழுத்தும் கோல், மிதிவண்டி இருக்கைக்குப் பின்னால் பை தொங்கவிடும் கம்பி. அதன் நுனிக்குமிழ், தாயின் பின்னல் ஊசியின் முனை.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் கருவி முடிந்தது. இனிமேல்தான் முதல் எண்ணங்கள் என்பவை தொடங்குகின்றன. அவை பெருமிதத்தோடு மட்டும் தொடங்கவில்லை. ஒலியேற்பிகளையும் பிரையன் தாமே செய்திருந்தார்: காந்தங்களை வாங்கி, மெல்லிய செப்புக்கம்பியை அவற்றின்மேல் சுற்றி. ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுத்து வளைக்கும்போது வேண்டாத ஓசையொன்று கூடவே வந்தது. காந்த முனைகள் அமைந்திருந்த முறையே அதற்குக் காரணம். தந்தியை வளைப்பது அந்த வகை இசையில் அரிதாக வரும் அலங்காரமன்று. பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் போல அடிக்கடி வேண்டப்படுவது. ஆகவே சொந்தக் கைவேலை ஒதுக்கப்பட்டது. பர்ன்ஸ் நிறுவனத்தின் 'ட்ரை-ஸானிக்' ஒலியேற்பிகள் மூன்று விலைக்கு வாங்கப்பட்டன. அவற்றையும் இருந்தபடியே பொருத்திவிடவில்லை. சுருள்கள் அதிர்ந்து கீச்சிடாதபடி அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார்கள்.

தான் செய்த பகுதியைத் தானே கழற்றி எறிய முடிவது, தனக்கென்று கருவி செய்தவருக்கு வாய்க்கிற உண்மையான உரிமை. கடைக் கிட்டாரின் உரிமையாளர் அதன் ஒலிக்குப் பழகிக்கொள்கிறார். இங்கே ஒலிதான் உரிமையாளரின் காதுக்குப் பழக வேண்டியிருந்தது. இணைப்புமுறையிலும் இதே பிடிவாதம் தெரிகிறது. அன்றைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் மூன்று ஒலியேற்பிகளுக்குப் பொதுவாக ஒரே சுவிட்சும் அதில் மூன்று நிலைகளும் இருந்தன. ரெட் ஸ்பெஷலில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்சுகள்: ஒன்று இயக்கவும் நிறுத்தவும், மற்றொன்று மின்னலையின் திசையைத் தலைகீழாக்கவும். ஒலியேற்பிகள் தொடர் இணைப்பில் உள்ளன. தனித்தனியாக மூன்று, இரண்டிரண்டாக ஆறு, மூன்றும் சேர்ந்து நான்கு எனக் கணக்கிட்டால் 13 வேறுபட்ட ஒலிநிறங்கள் கிடைக்கின்றன. திசை ஒத்திருக்கும்போது ஒலி தடித்து நிறைகிறது. மாறும்போது அடிச்சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, மூக்கொலி போன்ற கூர்மை எஞ்சுகிறது. ஒரே கருவியை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து ஒரு வாத்தியக் குழுவைப் போல் ஒலிக்கச் செய்யப் பிற்காலத்தில் அவரால் முடிந்ததற்கு, இளமையில் செய்த இந்தச் சுவிட்சு வேலைக்கும் பங்குண்டு.

அந்தக் கிட்டார் பின்னர் குவீன் குழுவின் இசைத்தட்டுகளிலும் மேடைகளிலும் அவருடைய முதன்மைக் கருவியாயிற்று. நெகிழித் துண்டுக்குப் பதிலாக ஆறு பென்னி நாணயத்தால் அதை மீட்டுவது அவர் வழக்கம். 2002 ஜூனில், எலிசபெத் அரசியாரின் பொன்விழாவின்போது பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமேல் நின்று நாட்டுப்பண்ணை அவர் வாசித்ததும் இதே கருவியில்தான். கணப்படுப்பின் மரமும் மிதிவண்டிக் கம்பியும் அரண்மனைக் கூரை வரை சென்றன.

இந்த வெற்றிக்கதைக்கு அடியில் இன்னொரு கதை ஓடுகிறது. ஆய்வு மாணவர்களுக்கு அது நெருக்கமாகப் படும். பிரையன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்து, வானியற்பியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியவர். சூரிய மண்டலத் தளத்தில் பரவியுள்ள நுண்தூசியின் இயக்கம் அவருடைய பொருள். டெனெரிஃப் தீவின் மலைமேல் தங்கி ஒளிக்கதிர்ப் பதிவுகள் எடுத்தார். ஆய்வுக் கட்டுரைகளும் வெளியாயின. 1970களின் முற்பகுதியில் குவீன் குழு வளரத் தொடங்கியதும், முடியும் தறுவாயில் இருந்த ஆய்வேட்டை விட்டுவிட்டார். ஹாரல்டு அதை ஏற்கவில்லை. மகனின் கல்விக்காகச் சிக்கனமாக வாழ்ந்த தந்தை அவர். இருவருக்கும் இடையே சில காலம் பேச்சே நின்றுபோனது.

இந்த மனக்கசப்பில் கிட்டாருக்குள்ள இடம் விந்தையானது. மகனைப் படிப்பிலிருந்து விலக்கிக்கொண்டு போன கருவி, தந்தை இரண்டாண்டு மாலைகளைச் செலவிட்டு இழைத்துக் கொடுத்தது. கடைக் கிட்டாராக இருந்திருந்தால், 'அந்தச் சனியனை விற்றுத்தொலை' என்று ஒரு தந்தை சொல்லியிருக்கலாம். தம் கைரேகை படிந்த பொருளைப் பற்றி அப்படிச் சொல்ல எந்தத் தந்தைக்கு வாய்வரும்? மகனுக்கும் அதே நிலைதான். பேச்சு நின்ற நாள்களிலும் ஒவ்வொரு மேடையிலும் அவர் மார்போடு அணைத்திருந்தது தந்தையின் வேலைப்பாட்டைத்தான். அதிர்வுக் கோலை அழுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் தந்தி சரியான சுரத்துக்குத் திரும்பியதென்றால், அதில் ஹாரல்டின் கணக்கும் இருந்தது. 1970களின் பிற்பகுதியில் பிரையன் தம் பெற்றோரை கான்கார்ட் விமானத்தில் நியூயார்க்குக்கு வரவழைத்து, மேடிஸன் ஸ்குவேர் கார்டனில் குவீன் நிகழ்ச்சியைக் காணச் செய்தார். நிகழ்ச்சி முடிந்தபின் தந்தை தம்மிடம் வந்து, இப்போது புரிகிறது என்ற பொருளில் சொன்னதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹாரல்டு 1988இல் காலமானார்.

பத்தாண்டுக்குப் பின், 1998இல், நெடுங்கால மேடை உழைப்பில் தேய்ந்த கருவியைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியக் கைவினைஞர் கிரெக் ஃப்ரையர் அதைச் செய்தார். அதற்கு முன்பே அவர் அதன் அளவுகளை நுணுக்கமாக எடுத்து மாதிரிகள் செய்திருந்தார். அவற்றுக்கு ஜான், பால், ஜார்ஜ் பர்ன்ஸ் என்று பெயர். இன்று ரெட் ஸ்பெஷலின் வடிவில் தொழிற்சாலைக் கிட்டார்களும் விற்பனைக்கு உண்டு. அளவும் வளைவும் சுவிட்சுகளும் ஒத்திருக்கும். தீக்குச்சி அடைத்த புழுத்துளைகளை மட்டும் யாரும் நகலெடுப்பதில்லை. ஒலிக்கு அவை தேவையுமில்லை. ஆனால் அந்தக் குச்சிகளை யார் பிடித்துக்கொண்டிருந்தார், யார் செருகினார் என்பதை அறிந்தவருக்கு மட்டும் அந்தக் கருவி 'அவரிடம்' என்ற உருபிலிருந்து 'அவருக்கு' என்ற உருபுக்கு இடம்பெயர்கிறது. வாங்கியவர்களிடம் கிட்டார் இருக்கிறது. பிரையன் மேக்கு ஒரு கிட்டார் உண்டு.

கைவிட்ட ஆய்வேட்டை 30 ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பின் அவர் மீண்டும் கையிலெடுத்தார். அந்தத் துறையில் இடைக்காலத்தில் பெரிதாக யாரும் வேலை செய்யாததால் பழைய பதிவுகள் பயன்படக்கூடியவையாகவே இருந்தன. விடுபட்ட ஆண்டுகளின் ஆய்வுகளைப் படித்து, திருத்தி எழுதி, 2007இல் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குரியவரானார். அப்போது அவருக்கு வயது 60. ஆய்வேட்டின் பொருள் மாறவில்லை: அதே தூசு மேகம், அதே திசைவேகங்கள். அதை விட்டதற்காக வருந்திய ஹாரல்டு இறந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மகனுக்குச் செய்துகொடுத்த கருவி மட்டும் அப்போதும் சுருதி விலகாமல் வாசிக்கும் நிலையில் இருந்தது.